விதி எழுதியதா, வாக்குப் போட்டதா? பிரெஞ்சுப் புரட்சியும் ஓர் அட்டை விளையாட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் உங்களில் பலருக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். 1789 ஜூலை 14, பாஸ்டில் சிறை, சுதந்திரம் – சமத்துவம் – சகோதரத்துவம். "புரட்சிக்கான காரணங்களை விவரி" என்ற கேள்வி. அரசியல், சமூகம், பொருளாதாரம் என்று மூன்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டால் மதிப்பெண் வந்துவிடும். இன்று நான் எழுதப்போவது 1789 பற்றி அல்ல. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1792 ஏப்ரல் 20 அன்று பாரிஸில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றி. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி அது. இரண்டு மாதமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குக் காரணம் ஒரு விளையாட்டு.

என்னிடம் நடுநிலைப் பள்ளியில் படித்த தம்பி ஒருவர், இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஓய்வு நேரத்தில் மேசையில் வைத்து விளையாடும் வரலாற்று விளையாட்டுகளை உருவாக்குவது அவருக்குப் பைத்தியம். பிரெஞ்சுப் புரட்சியை வைத்து ஒன்று செய்திருக்கிறார். "சார், கடைக்குப் போகிறதுக்கு முன்னாடி விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேணும். வரலாறு தெரிஞ்சவங்களும் வேணும், தெரியாதவங்களும் வேணும்" என்று சொல்லி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றார்.

இந்த வகை விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி கொடுப்பதற்காக, வரைபடமும் மரக்கட்டைகளும் பகடையும் வைத்து ரைஸ்விட்ஸ் என்பவர் உருவாக்கிய விளையாட்டை 1824-இல் அந்த ராணுவமே ஏற்றுக்கொண்டது. நெப்போலியனிடம் அடி வாங்கிய நாடு அது. அடுத்த முறை வாங்கக் கூடாது என்று மேசையிலேயே போர் பழகினார்கள். இன்றைக்குப் போரை மட்டுமல்லாமல் அரசியலையும் சேர்த்து விளையாட்டாக்குகிறார்கள். நம் பரமபதத்தில் எல்லாம் தாயத்தின் கையில். சதுரங்கத்தில் எல்லாம் நம் கையில். இந்த அரசியல் விளையாட்டு இரண்டும் அல்ல. நம் கையில் கொஞ்சம், அடுத்தவர் மனதில் கொஞ்சம், பகடையில் கொஞ்சம்.

மேசையைச் சுற்றி ஐந்து பேர். எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அரண்மனைப் பக்கம், அதாவது பதினாறாம் லூயியும் அரசி மேரி அன்டாய்னெட்டும். தபால் துறையில் ஓய்வுபெற்ற நண்பருக்குப் பிரிசோவின் அணி. பின்னாளில் ஜிரோண்டின்கள் என்று பெயர் பெற்றவர்கள் இவர்களே. போர்டோ நகரம் இருக்கும் ஜிரோண்டு மாவட்டத்து உறுப்பினர்கள் சிலர் முன்னணியில் இருந்ததால் வந்த பெயர். என் மைத்துனருக்கு லஃபாயட் போன்ற படைத் தளபதிகள். மளிகைக்கடை அண்ணாச்சிக்குப் பாரிஸ் தெருமக்கள். எனக்கு ரோபஸ்பியரின் அணி. விளையாட்டைச் செய்த தம்பி ஆடவில்லை. ஒரு நோட்டோடு ஓரமாக உட்கார்ந்து, யார் எங்கே தடுமாறுகிறோம் என்று குறித்துக்கொண்டிருந்தார்.

சார்ட் பேப்பரில் பிரான்ஸ் வரைபடம். காய்களுக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள். எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. ஓரத்தில் மூன்று ஏணிகள் போல மூன்று கோடுகள்: ரொட்டி விலை, பணத்தின் மதிப்பு, அச்சம். ஆட்டம் 1791 அக்டோபரில் தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு சுற்றாக, 1794 செப்டம்பர் வரை பன்னிரண்டு சுற்று.

தொடங்கும்போது நாட்டின் நிலைமை என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னராட்சி ஒழியவில்லை. 1791 ஜூனில் அரசரும் அரசியும் மாறுவேடத்தில் நாட்டை விட்டுத் தப்பப் பார்த்து, வாரென் என்ற சிற்றூரில் பிடிபட்டுத் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். ஆனாலும் செப்டம்பரில் புதிய அரசியல் சட்டத்தை ஏற்று அரசர் அரியணையில் தொடர்ந்தார். 745 பேர் கொண்ட புதிய சட்டமன்றம் அக்டோபரில் கூடியது. பழைய மன்ற உறுப்பினர் யாரும் இதில் உறுப்பினராகக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அதைக் கொண்டுவந்தவரே ரோபஸ்பியர்தான். ஆகவே அவருக்கே மன்றத்தில் இடமில்லை. ஜாக்கோபின் சங்கத்தில் பேசலாம், அவ்வளவுதான். விளையாட்டிலும் அப்படியே. எனக்குப் பேச்சு உண்டு, வாக்கு இல்லை.

முதல் ஆட்டம் பாதிக்கூடப் போகவில்லை. மூன்றாம் சுற்றில் ஒரு சீட்டைத் திருப்பினோம். "ஆஸ்திரியாவோடு போர் மூண்டது" என்று எழுதியிருந்தது. ரொட்டி விலை இரண்டு படி ஏற்று, அச்சம் இரண்டு படி ஏற்று. கணக்கு டீச்சர் கையை மேசையில் வைத்துவிட்டார்.

"இந்தச் சீட்டு யாரோடது?"

"யாரோடதும் இல்லை மேடம். அது நிகழ்வுச் சீட்டு. ஏப்ரல் 1792 வந்தா போர் வரும். வரலாறு அப்படித்தானே?"

"மழை வர்ற மாதிரி போர் வருமா? யாரோ ஒருத்தர் முடிவு எடுத்திருப்பாங்கல்ல? அவங்க யாரு?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. டீச்சர் கேட்டது பத்து மதிப்பெண் கேள்வி அல்ல, அதைவிடப் பெரிய கேள்வி. அடுத்த வாரம் தம்பி அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதன் இடத்தில் ஒரு வாக்கெடுப்பு வைத்தார். கூடவே ஒரு நிபந்தனை: வாக்குப் போடும் முன் ஒவ்வொருவரும் ஏன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும்.

இரண்டாம் ஆட்டத்தில் அந்தச் சுற்று வந்தது. நான் போர் வேண்டாம் என்று ஐந்து நிமிடம் பேசினேன். வாக்கு எடுத்தோம். போருக்கு ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுமே இல்லை. பிறகு மடித்த சீட்டுகளைப் பிரித்தோம்.

டீச்சர் (அரண்மனை): "போர் வந்தால் பிரான்ஸ் தோற்கும். ஆஸ்திரியப் படை பாரிஸுக்கு வந்து என் அதிகாரத்தை எனக்கு வாங்கிக் கொடுக்கும்."

தபால் நண்பர் (பிரிசோ): "போர் வந்தால் அரசர் எந்தப் பக்கம் என்று வெட்டவெளிச்சமாகிவிடும். துரோகிகள் மாட்டுவார்கள்."

மைத்துனர் (தளபதிகள்): "போர் வந்தால் படை என் கையில். சின்ன வெற்றி ஒன்று போதும். திரும்பி வந்து பாரிஸை அடக்கிவிடலாம்."

அண்ணாச்சி (தெருமக்கள்): "எல்லாக் கஷ்டத்துக்கும் வெளியில இருக்கிறவன்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, பார்த்துருவோம்."

நால்வரும் ஒரே வாக்கு. நால்வருக்கும் நேர் எதிரான கணக்கு. ஒருவர் தோற்பதற்காகப் போர் கேட்கிறார், இன்னொருவர் ஜெயிப்பதற்காகக் கேட்கிறார். மேசையில் ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் உண்மையில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். இவர்களில் யாருக்கும் அந்த விவரம் முன்னால் தெரியாது.

பிள்ளைகளே, இனிச் சொல்வது விளையாட்டல்ல, வரலாறு.

1791 டிசம்பரில் பதினாறாம் லூயி வெளிநாட்டில் இருந்த தன் நம்பிக்கைக்குரிய பிரெத்தேய் பிரபுவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பதில் வெளிநாட்டுப் போர் வந்தால் நிலைமை தனக்கு நல்லதாகவே அமையும், பிரான்ஸ் இப்போதுள்ள நிலையில் அரைகுறைப் போரைக்கூடத் தாங்காது என்பது அதன் சாரம். அரசி மேரி அன்டாய்னெட், போர் கேட்டுக் கூச்சல் போடுகிறவர்கள் தமக்கே உதவி செய்கிறார்கள் என்பது புரியாத முட்டாள்கள் என்று அதே சமயத்தில் தன் நண்பர் ஃபெர்சனுக்கு எழுதினார்.

பிரிசோவோ மன்றத்திலும் ஜாக்கோபின் சங்கத்திலும் போர் போர் என்று முழங்கினார். பெரிய துரோகங்கள் வெளிப்பட வேண்டும், அதனால் நமக்கு நன்மைதான் என்று வெளிப்படையாகவே பேசினார். லஃபாயட்டும் அவரைச் சேர்ந்தவர்களும் படையின் தலைமை கையில் வந்தால் நாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

எதிர்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் முக்கியமானவர் ரோபஸ்பியர். 1791 டிசம்பரிலும் 1792 ஜனவரியிலும் ஜாக்கோபின் சங்கத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். படை அதிகாரிகளில் பாதிக்கு மேல் நாட்டை விட்டு ஓடிவிட்டார்கள், இந்தப் படையை நம்பி எப்படிப் போவது? போர் என்றால் அதிகாரம் அரசரிடமும் தளபதிகளிடமும் போய்ச் சேரும். ஒருநாள் ஒரு தளபதி வந்து உங்கள் சுதந்திரத்தை எடுத்துக்கொள்வான். ஆயுதத்தோடு வந்து நல்லது சொல்கிறவனை எந்த ஊர் மக்களும் வரவேற்க மாட்டார்கள். இதுதான் அவர் வாதம்.

கேட்க ஆளில்லை. ஏப்ரல் 20 அன்று அரசரே மன்றத்துக்கு வந்து போருக்கு முன்மொழிந்தார். எதிர்த்து வாக்களித்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

அந்தக் கணக்குகள் எல்லாம் என்ன ஆயின?

லஃபாயட்: நான்கே மாதம். 1792 ஆகஸ்ட் 19 அன்று தன் படையை விட்டு எல்லை தாண்டி ஓடி, ஆஸ்திரியர்களிடம் சிக்கி ஐந்து ஆண்டு சிறையில் இருந்தார்.

பதினாறாம் லூயி: ஒன்பது மாதம். எதிரிப் படை வந்து காப்பாற்றும் என்று நம்பினார். அந்தப் படையின் தளபதி பிரன்ஸ்விக் கோமகன் பெயரில் ஜூலை 25-இல் ஓர் அறிக்கை வந்தது. அரச குடும்பத்தைத் தொட்டால் பாரிஸ் நகரத்தையே அழிப்போம் என்றது அது. பாரிஸ் பயந்து அடங்கவில்லை. ஆகஸ்ட் 10 அன்று அரண்மனையையே தாக்கியது. 1793 ஜனவரி 21 அன்று அரசரின் தலை போனது. அரசி அதே ஆண்டு அக்டோபர் 16.

பிரிசோ: பதினெட்டு மாதம். துரோகிகள் மாட்ட வேண்டும் என்று கேட்டார். 1793 ஏப்ரலில் அவர் அணிக்கு நெருக்கமான தளபதி துமூரியே எதிரியோடு போய்ச் சேர்ந்தார். அந்தத் துரோகப் பழி பிரிசோவின் தலையிலேயே விழுந்தது. ஜூன் 2-இல் அவருடைய அணி மன்றத்திலிருந்து தூக்கப்பட்டது. அக்டோபர் 31-இல் கில்லட்டின்.

தெருமக்கள்: அவர்களுக்குக் கிடைத்தது கட்டாய ஆள்சேர்ப்பும் விலைவாசியும். இங்கே அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களில் வரலாறு படிக்காதவர் அவர் ஒருவர்தான். ரொட்டிக் கோட்டையும் பணக் கோட்டையும் புரிந்துகொண்டவரும் அவர் ஒருவர்தான்.

நான்கு பவுண்டு ரொட்டி சாதாரணக் காலத்தில் 8 அல்லது 9 சூ விற்றது. 1788-இல் விளைச்சல் பொய்த்து, 1789 தொடக்கத்தில் பதினான்கரை சூ ஆனது. கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளம் 20 முதல் 30 சூ. வீட்டில் நான்கு வாய் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கத்துக்குக் கடன் கழுத்து வரை. தேவாலயச் சொத்துகளை எடுத்துக்கொண்டு, அதன் ஈட்டில் அசிஞாட் என்ற காகிதப் பணத்தை அச்சடித்தார்கள். போர் தொடங்கிய சமயத்தில் நூறு ரூபாய் என்று அச்சடித்த காகிதம் அறுபதுக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1793 கோடையில் அது இருபத்தைந்துக்கும் கீழே. 1796-இல் அச்சுத் தகடுகளையே பொது இடத்தில் வைத்துக் கொளுத்தினார்கள்.

"வாத்தியாரே, இப்படி நோட்டு இருந்தா விவசாயி நெல்லைக் கொடுக்க மாட்டான். பதுக்குவான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார் அண்ணாச்சி. அங்கே நெல் அல்ல, கோதுமை. மற்றபடி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1793 பிப்ரவரியில் பாரிஸ் மளிகைக் கடைகளில் கூட்டம் புகுந்தது. சர்க்கரை, சோப்பு, மெழுகுவர்த்தி எல்லாவற்றுக்கும் மக்களே ஒரு விலை வைத்து, அந்த விலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். இதைச் சொன்னதும் அண்ணாச்சி சிறிது நேரம் பேசவில்லை. "கடைக்காரன் என்ன பண்ணினான்?" என்றார். "வாங்கி வச்சுக்கிட்டான், வேறென்ன பண்ணுவான்" என்றேன். அதே ஆண்டு செப்டம்பர் 29-இல் அரசாங்கமே பொருள்களுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. கூலிக்கும் உச்சம் வைத்தது. மக்கள் விலைக்கட்டுப்பாட்டைக் கேட்டார்கள். கூலிக் கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தது.

மூன்றாம் ஆட்டத்தில் இடம் மாற்றிக்கொண்டோம். கணக்கு டீச்சருக்கு ரோபஸ்பியர் வந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், முப்பத்தைந்து வருடப் பணியில் ஒரு பிள்ளையின் மேல் அவர் ஸ்கேலை ஓங்கியதில்லை. போர் வந்தது. தோல்விச் சீட்டுகள் வந்தன. மேற்கே வாண்டே பகுதியில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து விவசாயிகள் கிளர்ச்சி (அது 1793 மார்ச்). அச்சக் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் கையில் "சந்தேக நபர்கள் சட்டம்" என்ற சீட்டு. அதை வைத்தால் எதிர் அணியின் ஒரு காயை மேசையிலிருந்தே எடுத்துவிடலாம். அரைமணி நேரம் வைக்கவில்லை. பிறகு ஒரு முறை வைத்தார். அடுத்த சுற்றில் இன்னொரு முறை. மூன்றாம் முறை வைத்தபோது, தபால் நண்பரின் கடைசிப் பொத்தான் மேசையை விட்டுப் போனது. யாரும் பேசவில்லை. "எனக்கு வேற வழி இருந்துச்சா சார்?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

வரலாற்று ஆசிரியர்கள் இதே கேள்வியை இருநூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போரும் கிளர்ச்சியும் பஞ்சமும் சூழ்ந்ததால் பயங்கர ஆட்சி வந்தது என்பது ஒரு கட்சி. ஓலார் போன்றவர்கள் அந்தப் பக்கம். இல்லை, மக்களின் விருப்பம் ஒன்றே ஒன்றுதான், அதை எதிர்ப்பவன் துரோகி என்ற எண்ணம் தொடக்கத்திலேயே புரட்சிக்குள் இருந்தது என்பது இன்னொரு கட்சி. ஃப்யூரே அந்தப் பக்கம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். போர் இல்லாமல் அந்த ஆட்சி வந்திருக்காது. ஆனால் போர் மட்டுமே அதற்கு முழு விளக்கமும் ஆகாது. தேதிகளைப் பாருங்கள். வாண்டே கிளர்ச்சியின் பெரும்படை 1793 டிசம்பரில் சவனே என்ற இடத்தில் அழிந்துவிட்டது. ஊர் ஊராகப் போய்க் கொளுத்திக் கொன்றது அதற்குப் பிறகு, 1794 தொடக்கத்தில். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரே கிடையாது என்ற கொடுஞ்சட்டம் 1794 ஜூன் 10-இல் வந்தது. ஜூன் 26-இல் ஃப்ளூரஸ் போரில் பிரான்ஸ் பெரிய வெற்றி பெற்றது. ஆபத்து விலகிவிட்டது. ஆனால் பாரிஸில் கில்லட்டின் மிக வேகமாக விழுந்தது அந்த ஜூன், ஜூலை மாதங்களில்தான். நாடு முழுவதும் தீர்ப்புச் சொல்லிக் கொன்றவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர்.

தம்பியின் விளையாட்டில் "ஒரு போர் வெற்றிக்கு அச்சம் ஒரு படி தானாக இறங்கும்" என்று இருந்தது. இந்தத் தேதிகளைச் சொல்லி, அதை எடுத்துவிடச் சொன்னேன். அச்சம் தானாக ஏறும், தானாக இறங்காது. யாராவது துணிந்து இறக்கினால்தான் உண்டு. இறக்கப் போகிறவர் மேலேயே சந்தேகம் வரும். "போதும், இரக்கம் காட்டுவோம்" என்று பேசத் தொடங்கிய டான்டனின் தலை 1794 ஏப்ரல் 5-இல் போனது. தம்பி அந்த விதியை மாற்றிவிட்டார்.

ரோபஸ்பியர் விஷயம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. போர் வேண்டாம் என்று மன்றாடியவர் அவர். மரண தண்டனையே கூடாது என்று 1791 மே மாதம் மன்றத்தில் பேசியவரும் அவரே. அவர் விரும்பாத போர் வந்த பிறகு, அதை நடத்தும் பொதுப் பாதுகாப்புக் குழுவில் அவரே போய் உட்கார்ந்தார். 1794 ஜூலை 28-இல் அவர் தலையும் விழுந்தது. ஒரு தளபதி வந்து சுதந்திரத்தை எடுத்துக்கொள்வான் என்று அவர் எச்சரித்தாரே, அது 1799 நவம்பரில் அப்படியே நடந்தது. அந்தத் தளபதி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்க்க ரோபஸ்பியர் இல்லை.

டீச்சர் இன்னொன்றும் கேட்டார்: "இத்தனை சீட்டுல ஒரு பொம்பளை பேர்கூட இல்லையே, அரசியைத் தவிர?" நியாயமான கேள்வி. 1789 அக்டோபர் 5-இல் ரொட்டி கேட்டு வெர்சேல்ஸ் அரண்மனை வரை நடந்து போய் அரசரைப் பாரிஸுக்கு அழைத்துவந்தவர்கள் சந்தைப் பெண்கள். பெண்களின் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் த கூஜ் 1793 நவம்பர் 3-இல் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் பெண்கள் சங்கங்களுக்கே தடை போட்டார்கள். தம்பி இப்போது ஆறு சீட்டுகள் சேர்த்திருக்கிறார்.

சரி, நான்காம் ஆட்டம். அண்ணாச்சி மீண்டும் தெருமக்கள். வாக்கெடுப்புச் சுற்று வந்தது. இந்த முறை அவர் போருக்கு எதிராகத் தெருவில் கூட்டம் சேர்த்துவிட்டார். "சண்டை வந்தா சரக்கு வராது. சரக்கு வரலைன்னா விலை ஏறும். விலை ஏறினா முதல்ல என் கடையைத்தான் உடைப்பாங்க. எனக்கு வேண்டாம்யா" என்றார். மைத்துனரும் தயங்கினார். "அத்தான், இந்தப் படையை வச்சுக்கிட்டு எப்படி?" என்று தன் தளபதிகளைப் பின்வாங்க வைத்தார். போர்த் தீர்மானம் தோற்றது!

அதன் பிறகு என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அரசர் சூழ்ச்சியை விடவில்லை. பாதிரிமார்கள் பிரச்சினை தீரவில்லை. வசந்த காலத்தில் ரொட்டி விலை ஏறி, அறுவடைக்குப் பின் கொஞ்சம் இறங்கியது. பன்னிரண்டு சுற்று முடிந்தும் யாரும் தெளிவாக ஜெயிக்கவில்லை. "சப்புனு போச்சு" என்றார் மைத்துனர். தம்பிக்கும் கவலை. "சார், சமாதானம் வந்தா விளையாட்டு சுவாரசியமா இல்லை. பேசாம போர் கட்டாயம்னு பழையபடி வச்சிடட்டுமா?"

அன்று இரவு பத்து மணி வரை இதே பேச்சு. தபால் நண்பர் தம்பியின் பக்கம். "ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் 1792 பிப்ரவரியிலேயே கூட்டணி ஒப்பந்தம் போட்டுட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. இவங்க தொடங்கலைன்னா அவங்க தொடங்கியிருப்பாங்க" என்றார். அதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் 1791 ஆகஸ்ட் மாதம் அந்த இரு அரசர்களும் பில்னிட்ஸில் வெளியிட்ட மிரட்டல் அறிக்கையை உற்றுப் பார்த்தால், மற்ற நாடுகளும் சேர்ந்தால்தான் வருவோம் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. இங்கிலாந்து சேராது என்று அவர்களுக்குத் தெரியும். வாய்ச்சொல் வீரம். பிரான்ஸ் தானாகப் போர் அறிவிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல முடியாது என்பதுதான் விஷயமே.

நான் தம்பியிடம் சொன்னது இது. தமிழில் விளையாட்டின் சட்டத்துக்கும் விதி என்றுதான் பெயர். தலையெழுத்துக்கும் விதி என்றுதான் பெயர். நீ போரைக் கட்டாயமாக்கினால், விளையாட்டு விதியைத் தலைவிதியாக்கி விடுகிறாய். இதை ஆடுகிற பிள்ளை, போர் என்பது மழை மாதிரி, யாரும் பொறுப்பில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகும். உண்மையில் 745 பேர் உட்கார்ந்திருந்த மன்றத்தில், ஆளுக்கொரு கணக்கோடு கை தூக்கி வரவழைத்த போர் அது. இடையில் ஓரிரு ஆண்டு ஓய்ந்தாலும் 1815-இல் வாட்டர்லூ வரை, 23 ஆண்டு ஐரோப்பாவை உலுக்கியது.

ஐரோப்பா மட்டுமா? 1793 பிப்ரவரி 1-இல் பிரான்ஸ் இங்கிலாந்தின் மீதும் போர் அறிவித்தது. அந்தச் செய்தி கடல் கடந்து வந்ததும், ஆங்கிலேயர் நம் பக்கத்துப் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். 1793 ஆகஸ்டில் கோட்டை சரணடைந்தது. நெப்போலியன் காலம் முழுவதும் முடிந்த பிறகே அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கையில் நிலையாக வந்தது. பாரிஸில் தூக்கிய கைக்கு, புதுச்சேரியில் நம் ஆட்கள் பீரங்கிச் சத்தம் கேட்டார்கள். பிரிசோவின் கணக்கிலோ அரசரின் கணக்கிலோ புதுச்சேரி இருந்திருக்காது. தான் போடும் வாக்கு எங்கே போய் விழும் என்று போடுகிறவருக்குத் தெரிவதில்லை.

சுவாரசியத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார் டீச்சர். போர் தோற்றால் ஆட்டம் சப்பென்று போவது, ஜெயிப்பதற்கான புள்ளிகள் எல்லாம் போரிலும் ஆளை அகற்றுவதிலும் இருப்பதால்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். "ரொட்டி விலையை நாலு சுற்று ஏறாம வச்சிருந்தா அதுக்குப் புள்ளி கொடுங்க. பாதிரிமார் பிரச்சினையைப் பேசித் தீர்த்தா அதுக்கும் கொடுங்க. அப்புறம் பாருங்க." தம்பி கொடுத்தார். ஐந்தாம் ஆட்டத்தில் விலையைப் பிடித்து வைக்க மைத்துனரும் அண்ணாச்சியும் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சமாதானத்தை நடத்துவதும் கஷ்டமான ஆட்டம்தான். அதற்கு மதிப்பெண் வைத்தால்தான் பிள்ளைகள் ஆடுவார்கள்.

உங்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு வந்தாலும் வராவிட்டாலும், இதை வகுப்பில் செய்து பாருங்கள். செலவு ஒரு தாள். பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரியுங்கள்: அரசர், பிரிசோ, தளபதி, தெருமக்கள். அவரவர் நிலைமையை ஐந்து வரியில் சொல்லுங்கள். 1792 ஏப்ரல் 20, போரா வேண்டாமா என்று காரணத்தோடு எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பிரித்துப் படித்த பிறகு, அந்த நால்வருக்கும் என்ன ஆனது என்று தேதியோடு கரும்பலகையில் எழுதுங்கள். அதன் பிறகு பாடத்தை நடத்துங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தங்களும் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு செய்யலாம். உங்கள் வீட்டில் என்ன வாக்கு விழுந்தது என்று கீழே எழுதுங்கள், காரணத்தோடு. ஒவ்வொன்றையும் படிப்பேன், வழக்கம்போல் எழுத்துப்பிழைக்கு மட்டும் மதிப்பெண் குறைப்பேன்.

தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். ஆறாம் ஆட்டத்துக்கு இரண்டு பேர் தேவை. பிரிசோவாக உட்காரத் தபால் நண்பர் இனி மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்